புயலின் பாதை தெரிகிறது, பலம் தெரிவதில்லை

2023 அக்டோபர் 24-ஆம் தேதி காலையில் ஓட்டிஸ், மெக்சிகோவின் பசிபிக் கரைக்கு அப்பால் ஒரு சாதாரண வெப்பமண்டலப் புயலாகத்தான் இருந்தது. அன்று நள்ளிரவு கடந்து அக்காபுல்கோ அருகே கரையேறியபோது அதன் காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். ஐந்தாம் நிலைச் சூறாவளி, அதாவது அளவுகோலின் உச்சம்.

ஏறக்குறைய எட்டு லட்சம் பேர் வாழும் நகரம் அது. வீடுகளை விட்டு வெளியேற நேரமில்லை. சுரங்கத் துறை மாநாட்டுக்காக வந்திருந்தவர்கள் கடற்கரை விடுதிகளிலேயே மாட்டிக்கொண்டனர். 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முன்னறிவிப்பாளர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால், அவர்கள் நம்பியிருந்த கணினி மாதிரிகள் எதுவும் இப்படியொரு வளர்ச்சியைக் காட்டவில்லை. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 55 கிலோமீட்டர் கூடினாலே அதை 'அதிவேக வலுப்பெறல்' என்பார்கள். ஓட்டிஸ் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கூடியது.

ஒரு புயல் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டங்கள் தீர்மானிக்கின்றன. அவற்றை இன்று நன்றாகவே கணிக்க முடிகிறது. பலம் அப்படியல்ல. கடல்நீரின் சூடு, காற்றின் ஈரம், உயரத்துக்கு உயரம் மாறும் காற்றின் வேகம் ஆகியவை, மையத்தைச் சுற்றிச் சில பத்து கிலோமீட்டருக்குள் எப்படிக் கூடுகின்றன என்பதைப் பொறுத்தது அது. ஓட்டிஸ் போன்ற சிறிய புயலில் சில மணி நேரத்திலேயே எல்லாம் மாறிவிடும்.

செயற்கைக்கோள் மேகத்தைத்தான் பார்க்கிறது. மேகத்தின் வடிவத்தை வைத்து வேகத்தை மதிப்பிடும் முறை 1970-களில் உருவானது. டுவோராக் முறை என்ற பெயரில் அது இன்றும் புழக்கத்தில் உள்ளது. பயனுள்ள முறைதான், ஆனாலும் மதிப்பீடு மதிப்பீடே. உள்ளே புகுந்து அளப்பதற்கு விமானம் வேண்டும். சூறாவளியின் கண்ணைக் குறுக்காகக் கடக்கும் அந்த விமானங்கள், சிறு குடையில் தொங்கும் கருவிகளைக் கீழே போடுகின்றன. கடலில் விழும்வரை அவை காற்றழுத்தத்தையும் வேகத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஓட்டிஸ் மதிப்பிட்டதைவிட எவ்வளவோ பலமானது என்பது, 24-ஆம் தேதி பிற்பகலில் அப்படியொரு விமானம் உள்ளே சென்ற பிறகுதான் தெளிவானது. அப்போது கரையேற அரை நாள்கூட மீதமில்லை.

அந்த ஒரு விமானமாவது அங்கே இருந்தது. மேற்கு பசிபிக்கில் அமெரிக்க விமானப்படையின் வழக்கமான சூறாவளிப் பறப்புகள் 1987-இல் நிறுத்தப்பட்டன. தைவான், ஜப்பான், ஹாங்காங் ஆகியவை தங்கள் பக்கம் வரும் சில புயல்களை நோக்கி விமானம் அனுப்புகின்றன. நம் பக்கக் கடலில் பெரும்பாலும் செயற்கைக்கோள்தான் கதி.

நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்ற பழைய நம்பிக்கையும் உடைந்துவிட்டது. 2025 நவம்பரில் 'சென்யார்' மலாக்கா நீரிணையிலேயே உருவானது. சுமத்ராவில் பேரழிவை ஏற்படுத்தியது காற்றைவிட மழையே என்றாலும், இங்கே புயலே உருவாகாது என்று இனிச் சொல்ல முடியாது.

அதற்கும் முன்பே ஒரு பாடம் இருந்தது. 2001 டிசம்பர் 27-ஆம் தேதி 'வமேய்' ஜோகூரின் தென்கிழக்குக் கரையில், சிங்கப்பூருக்குச் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் கரையேறியது. அதன் உண்மையான வேகம் ஓரளவுக்கேனும் தெரிந்ததற்குக் காரணம், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தற்செயலாக அதற்குள் அகப்பட்டுக்கொண்டதுதான். அந்த அளவீடுகளை வைத்து அமெரிக்க மையம் வமேயைச் சூறாவளி என்று பதிவு செய்தது. ஜப்பானிய வானிலை நிலையத்தின் ஏட்டில் அது இன்றும் வெறும் வெப்பமண்டலப் புயல்.