காணொளி சொல்லாத பாதி

சென்ற மாதம் பாட்டி வீட்டு மின்விசிறி சுற்றாமல் உறுமியது. “புதுசே வாங்கிடலாம்,” என்றார் அப்பா. நான் யூடியூப்பில் தேடினேன். கெபாசிட்டரை மாற்றச் சொன்னது காணொளி. மூடியைக் கழற்றித் தொடப்போனபோது பக்கத்து வீட்டு அங்கிள் தடுத்தார். “பிளக்கை எடுத்தாலும் அதுல கரண்ட் தங்கியிருக்கும்மா.” நான் பார்த்த காணொளியில் அது இல்லை.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. குறிப்பிட்ட சில சாதனங்களைத் திரும்பப் பெற்று மறுபயனீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு 2021 ஜூலை முதல் தயாரிப்பாளர்களுக்கு உண்டு. நல்லதுதான். ஆனால், மறுபயனீடு என்பது எறிந்த பிறகு நடப்பது. எறியாமல் இருக்க நமக்குப் பழுதுபார்க்கத் தெரியவேண்டும். இணையம் அதற்கான துணிச்சலைத் தருகிறது. எங்கே கைவைக்கக் கூடாது என்று சொல்ல அருகில் ஆள் வேண்டும்.

2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ முயற்சியின் நோக்கமும் இதுவே. தொண்டூழியர் உடனிருந்து, பொருளுக்கு உரியவரையே பழுதுபார்க்க வைப்பார். சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் மாதம் ஒருமுறை இப்படி ஒரு மேசை போட்டால் என்ன?

அங்கிள் சொல்லச் சொல்ல நானே கெபாசிட்டரை மாற்றினேன். பாட்டியின் மின்விசிறி இப்போது சுற்றுகிறது.