ஹெபடைடிஸ் சி பரிசோதனை குறித்து எமது சங்கத்தின் நிலைப்பாடு

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரங்களில் வாழும் தமிழ் மக்களுள் வயது வந்த ஒவ்வொருவரும் தம் ஆயுளில் ஒருமுறையேனும் ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம் என்பதும், அந்தப் பரிசோதனையை முதற்படியோடு நிறுத்திவிடுவது பலருக்கு உபகாரத்தைவிட உபத்திரவத்தையே தரும் என்பதும் இச்சங்கத்தின் அபிப்பிராயம். இவற்றுள் முதலாவதை வைத்தியர்கள் சொல்லி வருகிறார்கள். இரண்டாவதைச் சொல்வோர் சிலரே. ஆதலால்தான் இவ்வறிக்கை.

ஈரல் நோய் என்றவுடன் நம்மவர் மனத்தில் தோன்றுவது மஞ்சள் காமாலை. கண்ணும் நகமும் மஞ்சள் பூத்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்பதும், எண்ணெய் தள்ளிப் பத்தியம் வைப்பதும் திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி இங்கு வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கங்கள். 1989-இல் கண்டறியப்பட்ட ஹெபடைடிஸ் சி கிருமியோ பெரும்பாலோரிடம் அப்படி எந்த அடையாளமும் காட்டுவதில்லை. தொற்றியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவரிடமிருந்து அது சில மாதங்களில் தானே விலகிவிட, மற்றவர்களின் ஈரலில் இருபது முப்பது ஆண்டுகள் ஓசையின்றி வேலை செய்து, சிலருக்கு ஈரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடுகிறது. வயிற்றில் நீர் கோத்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால், சாராயத்தைத் தொட்டே அறியாதவரைக்கூட அண்டை வீட்டார் ‘குடித்துக் கெடுத்துக்கொண்டான்’ என்று தீர்த்துவிடுகிறார்கள். அந்த அபவாதத்துக்கு அஞ்சியே நோயை மறைக்கும் குடும்பங்களும் உண்டு.

இது ரத்தத்தின் வழியே பரவுவது. தானமாகப் பெறும் ரத்தத்தில் இக்கிருமி உள்ளதா என்று பார்ப்பது நம் தேசத்தில் கட்டாயமானது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். ஆகவே 2002-க்கு முன் பிரசவத்திலோ, விபத்திலோ, அறுவைச் சிகிச்சையிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் அனைவரும், இன்று எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும், பரிசோதனைக்கு முதலில் வரவேண்டியவர்கள். ரத்தம் ஏற்றியதில் வந்து, பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும் ஈரல் தொற்றுக்கு இந்நகரம் நன்கறிந்த உதாரணம் நடிகர் அமிதாப் பச்சன். 1982-இல் ‘கூலி’ படப்பிடிப்பில் நேர்ந்த விபத்தின்போது ஏற்றிய ரத்தத்தால் தமக்கு வந்தது ஹெபடைடிஸ் பி என்று அவரே பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். கிருமி வேறு, வந்த வழி ஒன்றே. இன்னொரு வழி, ஒருவருக்குப் போட்டதையே மற்றவருக்கும் போடும் ஊசி. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஒரு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்ததாகத் திருப்திப்படும் மனோபாவத்தை நாம் விட்டொழித்தாக வேண்டும். தாராவியின் தேரா கம்பவுண்டில், ஊசியும் கலந்திருக்கக்கூடிய பழைய பிளாஸ்டிக்கை வெறுங்கையால் தரம் பிரிப்பவர்களும், போதை ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்களும், அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தைகளும் அதிக அபாயத்தில் இருப்பவர்கள். ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, தாய்ப்பாலாலோ இது பரவுவதில்லை.

மருந்தின் கதை மும்பைக்கு நெருக்கமானது. ஒரு காலத்தில் இந்நோய்க்கு இருந்த பிரதான சிகிச்சை, வாரந்தோறும் மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டிய, லட்சக்கணக்கில் செலவு வைக்கும் இன்டர்ஃபெரான் ஊசி. அதன் மீது ரோஷ் நிறுவனம் பெற்றிருந்த காப்புரிமையை, போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களிடையே பணிபுரியும் மும்பையின் சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை எதிர்த்து வழக்காடியது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமை வகித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2012-இல் அதை ரத்து செய்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் புதிய மாத்திரை வந்தது, பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர் விலையில். பின்னர் இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைத் தயாரிக்கவே விலை பன்மடங்கு சரிந்தது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையே போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம் உறுதி. இத்தனை பாடுபட்டுக் கைக்கெட்டிய மருந்து, நோயுண்டென்று அறியாதவனுக்கு எப்படிப் பயன்படும்?

பரிசோதனை எளிதானது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தைச் சிறு பட்டையில் விட்டால், அரை மணிக்குள் கோடு தெரிந்துவிடும். ஒரு கோடானால் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இல்லை, இரண்டானால் உண்டு. அண்மையில் தொற்றியவர்களிடம் அது தெரியாமலும் போகலாம் என்பதால், சந்தேகம் உள்ளவர்கள் சில மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு கோடு வந்ததாலேயே ஒருவர் நோயாளி ஆகிவிடமாட்டார். கிருமி எப்போதோ விலகிப் போனவரிடமும், மருந்தால் குணமானவரிடமும் எதிர்ப்பொருள் நிலைத்திருக்கும். கிருமி இப்போது ரத்தத்தில் இருக்கிறதா என்பதைச் சொல்லக்கூடியது ஆர்.என்.ஏ. பரிசோதனை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை முகாம்களில் இப்பட்டையையும் சேர்த்துவிட்டு, இரண்டு கோடு கண்டவரிடம் ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று சொல்லி அனுப்புவது சேவையாகாது. தினக்கூலிக்காரர் ஒருவர் பயத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்வார், வேலையை விட்டு மறுபடி வரமாட்டார்.

ஆதலால் இச்சங்கம் தன்னளவில் தீர்மானித்திருப்பது இது. இரண்டு கோடு தெரிந்தவரின் நரம்பிலிருந்து அங்கேயே, அப்போதே, ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கும் ரத்தம் எடுக்க ஏற்பாடில்லாத எந்த முகாமுக்கும் எமது மண்டபத்தைத் தரமாட்டோம். முடிவை உரியவரிடம் தனியறையில் மட்டுமே சொல்ல வேண்டும். அவர் சம்மதமின்றிக் கணவருக்கோ, மாமியாருக்கோ, பட்டறை முதலாளிக்கோ சொல்லலாகாது. ஹெச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாரபட்சத்திலிருந்து காக்க 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஹெபடைடிஸ் சி உள்ளவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தப் பாதுகாப்பை அவர்களுக்கும் விரிவுபடுத்துமாறு அரசைக் கோருகிறோம். மாநகராட்சியிடம் எமது விண்ணப்பம் ஒன்றே: தாராவி மக்கள் ‘சோட்டா சயான்’ என்றழைக்கும் நகர்ப்புறச் சுகாதார மையத்தில், வேலைக்குப் போகிறவர்கள் வரத்தக்க மாலை வேளையில், வாரம் ஒருநாளேனும் இவ்விரு பரிசோதனைகளுக்கும் ஒரே அமர்வில் ரத்தம் எடுக்க வேண்டும், அந்த நாளையும் நேரத்தையும் தமிழிலும் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.