இருபது பேர் ஊருக்கு ஒரு கிலோமீட்டர் மதில்

ஸ்பெயினின் சோரியா மாகாணத்தில், துவேரோ ஆற்றங்கரையில் எழும் மொட்டைக் குன்றின் மேல் கோர்மாஸ் கோட்டை நிற்கிறது. மதிலின் சுற்றளவு ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். கோர்தோபாவிலிருந்து ஆண்ட கலீபா இரண்டாம் அல்-ஹக்கமின் தளபதி காலிப், பத்தாம் நூற்றாண்டில் வடக்கே இருந்த கிறிஸ்தவ அரசுகளுக்கு எதிராக இதை விரிவாக்கிக் கட்டினார். அப்போது ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டைகளில் இதுவும் ஒன்று. இன்று அங்கே டிக்கெட் இல்லை, பூட்டிய கதவு இல்லை. தெற்குப் பக்கத்துக் குதிரைலாட வளைவு வாசலைக் கடந்தால் புல்லும் காற்றும்தான். குன்றின் அடியில் அதே பெயரில் ஒரு சிற்றூர். அங்கே வாழ்வோர் எண்ணிக்கை இருபதை ஒட்டி நிற்கிறது.

இந்த இருபது பேரையும் அந்த மதிலையும் ஒரே கயிற்றில் கட்டிப் போட்டது 1949 ஏப்ரல் 22ஆம் தேதி ஆணை. எவ்வளவு இடிந்து கிடந்தாலும் நாட்டிலுள்ள கோட்டைகள் அனைத்தும் இனி அரசின் பாதுகாப்பில் என்று சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசு அறிவித்தது. கோட்டைக் கல்லைப் பெயர்த்துத் தொழுவம் கட்டும் காலத்தில் அது தேவையான ஆணைதான். ஆனால், கோட்டைக்கு நேரும் சேதத்துக்கு அது அமைந்திருக்கும் ஊரின் ஊராட்சியே பொறுப்பு என்றும் அதே ஆணை சொன்னது. பணத்துக்கு வழி சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டின் மரபுச் சொத்துச் சட்டம் இந்தப் பாதுகாப்பைத் தொடர்ந்ததோடு, அரசின் பெரிய பொதுப்பணிகளுக்கான செலவில் குறைந்தது ஒரு சதவீதத்தைப் பண்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. அந்த நிதியால் எழுந்து நிற்கும் கோட்டைகள் பல. ஆனால் அந்த நிதியைப் பெறவும் திட்டம் தீட்ட வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், ஊர் தன் பங்கைக் கட்ட வேண்டும். முழுநேர எழுத்தர்கூட இல்லாத ஊராட்சிகள் இதை எப்படிச் செய்யும்?

ஆணை வருமுன்பே சோரியா ஒரு பாடம் கற்றிருந்தது. கோர்மாஸிலிருந்து கிழக்கே போனால் பெர்லாங்கா தே துவேரோ; அதற்கு எட்டொன்பது கிலோமீட்டர் தள்ளி, காஸியாஸ் என்ற சிற்றூரின் எல்லையில் சான் பௌதேலியோ என்ற சிறு கோயில். வெளியே பார்த்தால் தானியக் கிடங்கு என்று நினைத்துக் கடந்துவிடலாம். உள்ளே நடுவில் ஒற்றைத் தூண், அதிலிருந்து பனையோலை விரிவதுபோல் எட்டுத் திசையிலும் வளைவுகள். சுவர் முழுக்க ஓவியங்கள் இருந்தன. 1917இலேயே அது தேசியச் சின்னம். இருந்தும் 1922இல், அதன் உரிமையாளர்களாக இருந்த ஊர்க்காரர்கள் ஓவியங்களை ஒரு வெளிநாட்டு வியாபாரியிடம் விற்றுவிட்டார்கள். வழக்கு நடந்தது; தீர்ப்பு விற்றவர்கள் பக்கமே சாய்ந்தது. 1926இல் ஓவியங்கள் சுவரிலிருந்து உரிக்கப்பட்டு அட்லாண்டிக்கைத் தாண்டின. ஒட்டக ஓவியம் இன்று நியூயார்க்கில் இருக்கிறது. யானை ஓவியம் உள்ளிட்ட சில 1957இல் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்துக்குத் திரும்பின. அதற்கு ஈடாக ஃபுவெந்திதுவேன்யா தேவாலயத்தின் பின்மாடமே பெயர்க்கப்பட்டு நியூயார்க் போனது.

காஸியாஸ் மக்களைக் கலையறிவற்றவர்கள் என்று திட்டுவது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். தேசியச் சின்னம் என்ற பட்டத்தால் அவர்களுக்கு ஒரு வேளைச் சோறும் கிடைக்கவில்லை. வியாபாரியின் பணம் கையில் எண்ணிப் பார்க்கக் கூடியதாக இருந்தது. பாதுகாப்பு என்பதைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, பொறுப்பை ஏழையின் தலையில் வைத்தால் இதுதான் நடக்கும்.

அதன்பின் ஊர்களே கரைந்தன. 1950இல் சோரியா மாகாணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இன்று தொண்ணூறாயிரத்தை ஒட்டித்தான். பரப்பு பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் சராசரி மக்கள்நெருக்கம் சோரியாவினுடையதைப் போல் பத்து மடங்குக்கும் அதிகம். டிராக்டர் வந்ததும் கூலிக்காரர்களுக்கு வேலை போனது. மாட்ரிட், பார்சிலோனா, பில்பாவ் தொழிற்சாலைகள் அவர்களை இழுத்துக்கொண்டன. பிள்ளைகள் குறைந்ததும் பள்ளி மூடப்பட்டது; பள்ளி மூடியதும் மிச்சமிருந்த இளம் குடும்பங்களும் கிளம்பின. துவேரோ பள்ளத்தாக்கு வழியாக வயாதோலிதையும் அரிஸாவையும் இணைத்த ரயில், பெர்லாங்காவுக்கும் கோர்மாஸுக்கும் பக்கத்தில்தான் ஓடியது. 1985 தொடக்கத்தில் நாடு முழுக்க நட்டப் பாதைகளை மூடியபோது அதன் பயணியர் சேவையும் நின்றது. அதே ஆண்டுதான் கோட்டைகளைக் காக்கும் புதிய சட்டமும் வந்தது. 2019 மார்ச் 31இல் இப்படிப்பட்ட மாகாணங்களின் மக்கள் மாட்ரிட்டில் திரண்டு பேரணி நடத்தினார்கள். அந்த ஆண்டின் இறுதித் தேர்தலில் ‘தெருயெல் எக்ஸிஸ்தே’ (தெருயெல் இருக்கிறது) என்ற மாகாண இயக்கம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. அவர்கள் கேட்டது மருத்துவர், ரயில், இணையம். கோட்டைக்கு நிதி கேட்டு யாரும் ஊர்வலம் போகவில்லை.

ஆனால் சுற்றுலாத் துறைகளின் பதில் எப்போதும் கோட்டையிலிருந்தே தொடங்குகிறது. அதன் மிகப் பழைய வடிவம் பராதோர் எனப்படும் அரசு விடுதிகள். முதலாவது 1928இல் கிரேதோஸ் மலையில் திறந்தது; இன்று நூறை ஒட்டி இருக்கின்றன, பல பழைய கோட்டைகளிலும் மடங்களிலும். சிகுவென்சா கோட்டை அப்படி 1976இல் விடுதியானது. உள்நாட்டுப் போரில் நொறுங்கியதை ஏறக்குறையப் புதிதாகவே கட்டினார்கள். எனக்கு இந்தத் திட்டத்தின்மேல் மரியாதை உண்டு: கூரை ஒழுகாத கோட்டைகள் இவைதான். ஆனால் காரில் வந்து, கோட்டைக்குள்ளேயே உண்டு உறங்கி, காரிலேயே திரும்பும் விருந்தினருக்கு ஊரில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தவிர, நூறு விடுதிக்குமேல் எங்கே போவது? இடிந்த கோபுரங்களையும் சேர்த்தால் ஸ்பெயினில் கோட்டைகள் ஆயிரக்கணக்கில்.

சிதைவை எப்படிப் பழுதுபார்ப்பது என்பதில்தான் உலகம் அதிகம் சண்டை போடுகிறது. காதிஸ் மாகாணத்து மத்ரேரா கோபுரம் 2013 மழையில் பாதி சரிந்தது. எஞ்சிய பழைய கல்லைத் தாங்கும்படி, இல்லாத பகுதியை வெறும் வெள்ளைச் சுண்ணப் பூச்சுப் பெட்டியாக எழுப்பினார்கள். 2016இல் படங்கள் பரவியதும் ஊரே சிரித்தது. கட்டடக்கலை விருதும் கிடைத்தது. பழையதுபோல் நடிக்கக் கூடாது, புதியது புதியதாகத் தெரிய வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. கட்டடக்கலைஞர் அதைத்தான் செய்தார். அழகு அவரவர் கண்ணுக்கு. சரிவதற்கு முன் பல ஆண்டுகள் விரிசல்களை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

அல்பர்ராசினில் அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. தெருயெல் மலைகளில், ஆயிரம் பேர் வாழும் செந்நிறப் பூச்சு ஊர். ஊருக்கு மேலே குன்றேறிப் போகும் இடைக்கால மதில். 1996இல் அரகோன் அரசும் ஊராட்சியும் மறைமாவட்டமும் சேர்ந்து ஒரு அறக்கட்டளை அமைத்தன. அது பழைய கட்டடங்களை ஒவ்வொன்றாகச் சீராக்கி, பயிற்சி வகுப்புக்கும் இசைக்கும் தங்குவதற்கும் பயன்படுத்துகிறது. வரும் வருமானத்தில் அடுத்ததைத் தொடுகிறது. சுண்ணம் குழைக்கவும் மரம் செதுக்கவும் தெரிந்தவர்கள் அதே ஊரில் சம்பளத்தில் இருக்கிறார்கள். விரிசல் விட்டால் மறுநாளே கண்ணில் படும். வார இறுதிகளில் கூட்டம் நெரிக்கிறது என்பது உண்மைதான். அந்தத் தொல்லை கோர்மாஸுக்கு வந்தால் நான் வருத்தப்பட மாட்டேன்.

கூட்டத்தை விரும்பாதவர்களுக்கு வேறொரு வழி கால் நடையில் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுப் போர்வீரன் எல் சித்தின் நாடுகடத்தல் பாதையைத் தொட்டுச் செல்லும் நெடுவழி, கோர்மாஸ், பெர்லாங்கா, அதியென்சா ஆகிய கோட்டைகளை வெள்ளை-சிவப்புக் குறிகளால் இணைக்கிறது. அதைவிடப் பழைய வலை ஆட்டுப்பாதைகள். கோடையில் சோரியா மேட்டிலும் குளிரில் எக்ஸ்த்ரமதூரா சமவெளியிலும் மேய்ந்த ஆட்டு மந்தைகளுக்காக, 1273இல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோ மெஸ்தா என்ற மேய்ப்பர் சங்கத்துக்கு உரிமைகள் கொடுத்தார். அரசப் பாதையின் அகலம் 90 வாரா, ஏறக்குறைய 75 மீட்டர். இத்தகைய மேய்ச்சல் வழிகளின் மொத்த நீளம் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். 1995ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை விற்க முடியாத பொதுச் சொத்தாக்கியது. முதல் உரிமை மந்தைக்கு; அதற்கு இடையூறில்லாமல் நடப்பவரும் சைக்கிளும் குதிரையும் போகலாம். ஆடு நடக்காத பாதையை முட்புதர் மூடிவிடும், பக்கத்து உழவர் வரப்பைத் தள்ளிப் போடுவார். நடைவழியைக் காக்க மேய்ப்பர் வேண்டும்.

காரில் வருபவர் ஒரு மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போகலாம். நடப்பவரால் முடியாது. இருபது இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் வேண்டும். லெயோன் மலையில் ஏறக்குறையக் கைவிடப்பட்டுக் கிடந்த ஃபோன்செபாதோன், சான்டியாகோ யாத்திரை வழியில் இருந்ததால் மட்டுமே மறுபடி விடுதிகளும் விளக்குகளும் கண்டது. சான்டியாகோவுக்கு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போகிறார்கள். எல் சித் பாதைக்கு அதில் சிறு துளியும் வராது. ஆனால் இந்தச் சிற்றூர்களுக்குத் தேவையும் சிறிதுதான். தெருயெல் மாகாணத்தில் ஊராட்சிக்குச் சொந்தமான ஒரே கட்டடத்தில் மளிகைக் கடையையும் பாரையும் சில தங்கும் அறைகளையும் வைத்து, நடத்த ஒரு குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். ஊரின் முதியவர்களுக்குக் காலையில் ரொட்டி, மாலையில் சீட்டாட்டம், வழிப்போக்கருக்கு இரவுச் சோறு. ஒரு கோபுரத்தைச் சீராக்கும் செலவில் இப்படி எத்தனை நடத்தலாம் என்று மாகாண அரசுகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கோட்டை நிதியில் ஒரு பங்கை, கோட்டை இருக்கும் ஊரின் பாருக்கும் பேருந்துக்கும் மேய்ப்பருக்கும் சட்டப்படியே கொடுக்கலாம். வாழும் ஊர் இருந்தால்தான் 1949 ஆணை சொன்ன பொறுப்பை ஏற்க ஆள் இருக்கும்.

போக நினைப்பவர்கள் வசந்தத்திலோ செப்டம்பர்-அக்டோபரிலோ போங்கள். சோரியாவின் குளிர்காலம் கொடியது, கோடையில் மேட்டில் நிழலே கிடையாது. தண்ணீரை ஊர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள். கோர்மாஸைப் பார்த்துவிட்டு மாட்ரிட்டுக்கு ஓடாதீர்கள். பெர்லாங்காவில் ஒரு இரவாவது தங்கி, காசை அங்கேயே செலவழித்துவிட்டு வாருங்கள்.