யானை நடக்கும் நிலத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்வோம்

கோவை மாவட்டத்துப் பெருமக்களே,

மேற்கு மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயிகளும் நகரத்து ஆசிரியர்கள், மாணவர்கள் சிலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். குலை தள்ளிய வாழையை ஒரே ராத்திரியில் பறிகொடுத்தவர்கள் எங்களில் உண்டு. யானைக்குப் பரிந்துகொண்டு விவசாயியைக் குறை சொல்வது எங்கள் நோக்கமல்ல.

காப்புக்காட்டின் எல்லை வேறு, யானையின் வழி வேறு. சத்தியமங்கலம் பக்கமிருந்து கல்லாறு, தடாகம், போளுவாம்பட்டி, மதுக்கரை என்று கேரள எல்லை வரை மலையை ஒட்டியே யானைகள் வலசை போகின்றன. வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். கூட்டத்தை நடத்தும் மூத்த பெண் யானை, எந்தப் பள்ளத்தில் எப்போது தண்ணீர் ஓடும் என்பதை நினைவில் வைத்து அதே தடத்தில் திரும்ப வருகிறது. மலை செங்குத்தாக ஏறும் இடங்களில் காட்டுக்குள் நடக்க வழியிருக்காது; அடிவாரத்துப் பட்டா நிலத்தில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அந்த நிலத்தைத்தான் சைட் போட்டு விற்கிறோம். ஒரு மனைப்பிரிவுக்கு மனு வருகிறது. அந்தச் சர்வே எண்ணை மட்டும் பார்த்து முடிவாகிறது. அடுத்த வருடம் பக்கத்து எண். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சுவரும் பெரிதில்லை, எல்லாம் சேரும்போது வழி அடைந்துபோகிறது. வழி அடைபட்ட யானை ஊருக்குள் புகுகிறது, இல்லை ரயில் பாதையில் ஏறுகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டுச் செத்தன. தடாகத்தில் செங்கல் சூளைகள் அதே ஆண்டு மூடப்பட்டன. அவற்றுக்காக யானை வழியில் செம்மண் வெட்டிய குழிகள் மூடப்படவில்லை. 'ஹாகா' என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்பு விதிகள் 1990 முதல் இருந்தும் இந்த நிலைமைதான்.

நீலகிரியின் சீகூரைப் பாருங்கள். கட்டடங்கள் எழும்பிய பிறகு, 2010-இல்தான் அரசு அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018-இல் விடுதிகளுக்குச் சீல் விழுந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2020 அக்டோபரில்தான் வந்தது. வழி முன்பே வரைபடத்தில் இருந்திருந்தால் விடுதி கட்டியவருக்கு நஷ்டமில்லை. சிறு பட்டாதாரருக்குப் பத்து வருடப் பயமுமில்லை.

வரைவதும் மக்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். 2024-இல் தமிழகத்துக்கு 42 வழித்தடங்களைப் பரிந்துரைத்த வரைவு அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும் வந்தது; கருத்துச் சொல்லச் சில நாட்களே கொடுத்தார்கள். கூடலூர் மக்கள் கொதித்தெழுந்தது நியாயமே. தன் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாதவர் எப்படிச் சம்மதிப்பார்?

1994-க்குப் பிறகு கோவைக்குப் புதிய முழுமைத் திட்டம், 2041 வரைக்குமானது, வகுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழ் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நில உபயோக மாற்றத்திலும் யானை வழி தமிழில், சர்வே எண்ணோடு குறிக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். அந்த வழியில் இருப்பவர் வெள்ளாமையைத் தொடரலாம். சுவரும் மனைப்பிரிவும் மட்டும் கூடாது. பயிர் போனால் நஷ்ட ஈடு அடுத்த விதைப்புக்குள் கையில் கிடைக்க வேண்டும். பழங்குடிகளின் வன உரிமையில் யாரும் கை வைக்கக் கூடாது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு: மலையோரம் 'வியூ' இருக்கிறது என்று சைட் வாங்குமுன், அந்த ஊரில் மாடு மேய்ப்பவர் ஒருவரிடம் யானை எந்தப் பக்கம் போகும் என்று கேளுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் வாங்காதீர்கள்.

அடிவாரத்து ஊர்க்காரர்களுக்கு: கிராம சபை வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குள், உங்கள் ஊரில் யானை இறங்கும் பள்ளம், கடக்கும் ரோடு, ஏறும் கரடு, இவற்றைப் பெரியவர்களிடமும் இருளர், மலசர் பதிகளிலும் கேட்டு ஒரு தாளில் வரையுங்கள். அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.