ரயில் வரும் பின்னே, காணி விலை வரும் முன்னே

மாலபேக்கும் கொழும்புக்கும் இடையில் தினமும் 177 ஆம் இலக்க பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு நான் சொல்லப்போகும் கஷ்டம் புதிதல்ல. கொம்பனித்தெருவில் குடியிருந்துகொண்டு அந்தப் பாதையில் பல வருடங்கள் வேலைக்குப் போய் வந்தவன் நான். 2018 இல் ராஜகிரிய மேம்பாலம் திறக்கப்பட்டபோது நெரிசல் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். அது அடுத்த சந்திக்கு நகர்ந்ததுதான் மிச்சம்.

இதே மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் தூரத்துக்கு, 16 நிலையங்களுடன் இலகு ரயில் ஓடவிருந்தது. ஜப்பானின் ஜய்க்கா நிறுவனத்துடன் 2019 மார்ச்சில் கடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. வட்டி வெறும் 0.1 வீதம். திருப்பிச் செலுத்த 40 வருடங்கள். அதில் முதல் 12 வருடங்கள் சலுகைக் காலம். செலவு அதிகம் என்று கூறி, 2020 செப்டெம்பரில் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் அதைக் கைவிட்டது. அப்படியொரு கடன் இனி இலேசில் கிடைக்காது. ஆனாலும் திட்டத்தை மீட்பது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது.

எழும்போதெல்லாம் கடனையும் வட்டியையும் பற்றியே விவாதிக்கிறோம். நிலையத்தைச் சுற்றியுள்ள காணி யாருக்கு என்று கேட்பவர் குறைவு. என்னைக் கேட்டால், அதுதான் முதல் கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ரயிலேற அலுப்பில்லாமல் நடக்கும் தூரம் ஏறத்தாழ 500 மீற்றர். நிலையத்தை மையமாக வைத்து அந்தத் தூரத்துக்கு வட்டமிட்டால் 78 ஹெக்டேயர் வரும். 16 நிலையங்களுக்கு ஏறத்தாழ 1,250 ஹெக்டேயர். இது கொழும்பு மாநகர சபைப் பரப்பின் மூன்றில் ஒரு பங்குக்குச் சமம். இந்த வட்டங்களுக்குள் என்ன கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம், யார் குடியிருக்கலாம் என்று தீர்மானிப்பவரே நகரத்தின் அடுத்த ஐம்பது வருடங்களைத் தீர்மானிக்கிறார்.

ஹொங்கொங் இதை முன்கூட்டியே புரிந்துகொண்டது. அங்கு ரயில் வருவதற்கு முன்பிருந்த பெறுமதியின் அடிப்படையில் அரசாங்கம் நிலையக் காணியின் அபிவிருத்தி உரிமையை ரயில் நிறுவனத்துக்கு வழங்குகிறது. ரயில் வந்தபின் ஏறும் விலையில் கிடைக்கும் இலாபம் ரயிலைக் கட்டும் செலவுக்கே திரும்புகிறது. அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கும் அரசாங்கத்திடமே இருக்கிறது. சிங்கப்பூர் இன்னொரு வழியில் போனது. 1966 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் மூலம் பெருமளவு காணியை அரசு கையில் எடுத்து, அதில் பொது வீடமைப்பு நகரங்களைக் கட்டி, 1987 இல் ஓடத் தொடங்கிய ரயிலை அவற்றுக்குக் கொண்டுபோனது. இன்று ரயிலடியில் குடியிருப்பவர்களில் சாதாரண சம்பளக்காரர்களே அதிகம்.

டாக்காவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அதே ஜய்க்காவின் கடனுதவியுடன் 2022 டிசம்பரில் அங்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. உத்தராவிலிருந்து மோதிஜீலுக்கு மணிக்கணக்காக பஸ்ஸில் வெந்தவர்கள் இப்போது 40 நிமிடங்களுக்குள் போய்ச் சேருகிறார்கள். ஆனால் மிர்பூர் பக்கத்தில் சில நிலையங்களின் படிகள் நடைபாதையின் மேலேயே இறங்குகின்றன. பயணி, ரிக்ஷா, தெருவோர வியாபாரி எல்லோரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ரயிலைத் திட்டமிட்ட அளவுக்கு அதன் வாசலைத் திட்டமிடவில்லை.

கொழும்பில் எனக்கு இருக்கும் பயம் வாசலோடு நிற்பதல்ல. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதே வருடம் மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை எங்கள் பகுதி இன்னும் மறக்கவில்லை. கொழும்பில் வசதி குறைந்த குடியிருப்புகளில் 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருப்பதாக அந்த அதிகார சபை கணக்கிட்டது. அவர்களில் பலர் பின்னர் தெமட்டகொடை, சாலமுல்லை அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். ரயில் எதுவும் வராமலே இவ்வளவும் நடந்தது. ரயில் வந்தால்?

பாதைக்கும் நிலையத்துக்கும் தேவையான காணியைச் சுவீகரித்தால் அதன் உரித்தாளருக்கு நட்டஈடு கிடைக்கும். அதிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி வாடகைக்கு இருப்பவரின் நிலை வேறு. அவருடைய காணியை எவரும் சுவீகரிக்கப் போவதில்லை. வாடகை மட்டும் ஏறும். வீட்டுக்காரர் நல்ல விலைக்கு விற்பார். தையல் கடை, சாப்பாட்டுக் கடை, மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம் எல்லாம் சத்தமில்லாமல் வெளியேறும். அவர்களுக்கு நட்டஈடும் இல்லை, கணக்கும் இல்லை. ரயில் அதிகம் தேவைப்படுபவர்கள் ரயிலுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆகவே திட்டம் மீண்டும் மேசைக்கு வந்தால், நிலையங்களின் இடத்தை அறிவிக்கும் முன்பே சில விடயங்களைச் சட்டமாக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் தற்போது குடியிருப்பவர்களுக்குக் கட்டுப்படியான வீடுகள் ஒதுக்கப்பட வேண்டும். கூடுதல் மாடி கட்ட அனுமதி பெறுபவர், அதனால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பங்கை ரயிலுக்கும் அந்த வீடுகளுக்கும் செலுத்த வேண்டும். வாடகைக்காரரும் நடைபாதை வியாபாரியும் முதலில் கணக்கெடுக்கப்பட வேண்டும்.

நமது சமூகத்துக்கும் இதில் வேலை உண்டு. கொம்பனித்தெருவும் புறக்கோட்டையும் அந்த ரயிலின் கோட்டை முனைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இப்பகுதிகளில் பள்ளிவாசல் செலவு பல இடங்களில் வக்பு கடைகளின் வாடகையில்தான் ஓடுகிறது. அந்தச் சொத்துகளின் உறுதி, வரைபடம், வக்பு சபைப் பதிவு ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று நம்பிக்கையாளர் சபைகள் இப்போதே பார்க்க வேண்டும். காணி விலை ஏறியபின் உறுதியைத் தேடி அலைவது பயன் தராது.

இலகு ரயில் வரவேண்டும் என்றே நான் இன்றும் விரும்புகிறேன். ஆனால் அது வந்து நிற்கும்போது, அதில் ஏறுவதற்கு எங்கள் தெருவில் எங்கள் அயலவர்கள் இருக்க வேண்டும்.