நண்டின் கொடுக்கும் நாம் உண்ணும் மருந்தும்

நற்பிட்டிமுனைக்கு மேற்கே வயல். கிழக்கே கல்முனையைத் தாண்டினால் கடல். இப்பகுதி மக்களுக்கு நண்டைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரு கொடுக்குகளாலும் ஒன்றைக் கவ்விக்கொண்டால் அது எளிதில் விடாது. இரசாயன அறிஞர் இந்நண்டிடம் ஒரு சொல்லையே கடன் வாங்கியுள்ளனர் என்றால் நேயர்கள் வியக்கக்கூடும்.

இரும்பு, கல்சியம், அலுமினியம் முதலிய உலோகங்கள் நீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற அயன்களாகின்றன. ஒட்சிசன், நைதரசன் அணுக்களையுடைய மூலக்கூறுகள் அவ்வயன்களைச் சூழ்ந்து பற்றிக்கொள்ளும். இப்பிணைப்பின் அமைப்பை 1893 இல் விளக்கிய அல்பிரட் வேர்ணர், 1913 இல் நோபெல் பரிசு பெற்றார். ஒரே மூலக்கூறு இரண்டு இடங்களில் அயனைக் கவ்வும் நிலைக்கு, 1920 இல் மோர்கன், டுரூ என்போர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'கீலேற்று' என்று பெயரிட்டனர்.

இதனால் நமக்கு ஆவதென்ன? வயற்சேற்றில் இறங்கி உழைப்போரை எலிக்காய்ச்சல் தாக்குவதுண்டு. அதனைத் தடுக்க, ஆபத்து மிகுந்த இடங்களில் சுகாதாரப் பகுதியினர் டொக்சிசைக்கிளின் மருந்தை வழங்குகின்றனர். இது டெற்றாசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதனோடு சேர்த்து இரும்புக் குளிகையையோ, நெஞ்செரிவுக்கான அலுமினியம், மகனீசியம் கலந்த மருந்தையோ உட்கொண்டால், மருந்தும் உலோகமும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அச்சேர்க்கை குடற்சுவரைக் கடந்து இரத்தத்தை அடைவது அரிது. மருந்து உண்டோம் என்னும் நம்பிக்கை நெஞ்சில் இருக்கும். மருந்தோ உடம்பில் போதிய அளவு இராது. காய்ச்சல் உயிரையே பறிக்கவல்லது ஆகையால் இது சிறு பிழையன்று.

பாலினால் டொக்சிசைக்கிளினுக்கு நேரும் இழப்பு சிறிது. பழைய டெற்றாசைக்கிளினுக்கும் சிப்புரொபுளொக்சசினுக்கும் நேரும் இழப்பு பெரிது. பாலிலுள்ள கல்சியமே அதற்குக் காரணம். தைரொக்சின் உட்கொள்வோர் இரும்பு, கல்சியக் குளிகைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி விடுதல் வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஒரு சொல். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கவ்வி வீணாக்கும். ஆகவே இரும்புக் குளிகையைத் தேநீரோடு விழுங்குதல் ஆகாது. தேசிக்காய்ச் சாற்றிலும் உள்ள விற்றமின் சீ, அதே இரும்பைப் பற்றிக் கரையும் நிலையில் வைத்து உடம்பிற் சேர உதவுகின்றது.

ஆதலால் கவ்வுதல் எல்லாம் தீமையன்று. வில்சன் நோயில் ஈரலிலும் மூளையிலும் செம்பு தேங்கும். பெனிசிலமைன் அச்செம்பைப் பற்றிச் சிறுநீரோடு வெளியேற்றும் என்பதை 1956 இல் வைத்தியர் வோல்ஷ் எடுத்துக்காட்டினார். தலசீமியா நோயுற்ற பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றுவதால் இரும்பு மிகுந்து இதயத்தைக் கெடுக்கும். நம் நாட்டில் குருநாகலில் அத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையம் உண்டு. இரும்பைக் கவ்வி வெளியேற்றும் மருந்துகளே அவர்களின் ஆயுளை நீட்டுகின்றன.

ஒரே கொடுக்கு ஓரிடத்தில் நோயைக் காக்கின்றது. மற்றோரிடத்தில் நோயாளியைக் காக்கின்றது. மருந்தை எப்போது, எதனோடு உட்கொள்வது என்று வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்டறிவதற்கு நாணுதல் வேண்டா. பொதுவாக ஒரு குவளை வெறும் நீரே மருந்துக்கு நல்ல துணை.