பளை வானில் பருந்துகள்

காற்று மின்சாரத்துக்கு நான் எதிரியல்லன். ஆயினும், பளையில் 2014 முதல் சுழலும் காற்றாலைகளிடையே பருந்து வட்டமிடக் கண்டால் நெஞ்சு பதைக்கிறது. இரை தேடும் பருந்தின் கண் நிலத்தில்தான். எதிரே சுழலும் இறக்கை அதற்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு குஞ்சு பொரிக்கும் இனம் அது. இழப்பை எளிதில் ஈடுசெய்யாது.

நோர்வேயின் ஸ்மோலா தீவில் வெண்வால் கழுகுகள் இவ்வாறே மடிந்தன. அங்கு நான்கு காற்றாலைகளில், மூன்று இறக்கைகளுள் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வர்ணம் பூசினார்கள். பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு கூறிற்று. சிறிய பரிசோதனைதான்; ஆனால் செலவும் சிறிதே!

பூநகரித் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 இல் விலகியது. இனி அங்கு வருபவரிடம் மின்சார விலையை மட்டும் பேரம் பேசாது, கறுப்பு இறக்கையையும், விழும் பறவைகளின் பகிரங்கக் கணக்கையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும். நிறுவி முடிந்தபின் வர்ண வாளியோடு அவ்வளவு உயரம் ஏறுவது யார்?